தோளை அழுத்திய இரண்டு கரங்கள்
(தேவமனிதர் தானியேல் பெய்ன், 1811 – 1893)



இந்த மாதம் நான் எழுதப்போகிறவரை நம் சபைகளில் அநேகருக்குத் தெரியாது. அமெரிக்காவின் கறுப்பின விசுவாசிகள் நடுவிலோ அவர் பெயர் பிரசித்தம். ஒஹாயோ மாநிலத்தில் ஸீனியா என்ற ஊருக்குப் பக்கத்தில் 42-ம் எண் நெடுஞ்சாலை போகிறது. அந்த வழியில் வில்பர்ஃபோர்ஸ் என்ற இடத்தில், சாலை ஓரமாக ஒரு வரலாற்றுப் பலகையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நம்ம ஊர்ப் பக்கம் சாலையோரத்தில் வசனப் பலகை வைப்போமே, அந்த மாதிரி இரும்புக் கம்பத்தின் மேல் நிற்கிற பலகை. காரில் போகிற வேகத்தில் படிக்க முடியாது, இறங்கி நின்றுதான் படிக்க வேண்டும். கறுப்பின மக்களுக்காகச் சபை ஆரம்பித்த ஒரு கல்லூரியின் பிறப்பை அது சொல்லுகிறது. நானும் அதைப் படத்தில் பார்த்ததோடு சரி. ஆனால் அந்தச் சில வரிகளுக்குப் பின்னால் ஒரு மனிதர் முழங்காலில் நிற்கிறார். அவர்தான் பிஷப் தானியேல் பெய்ன்.

இவரைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. படிப்பா, அபிஷேகமா என்ற கேள்வி நம் நடுவில் இன்னும் தீரவில்லை. நான் பைபிள் காலேஜில் டிப்ளமோ படிக்கப் புறப்பட்ட நாளில் மூத்த விசுவாசி ஒருவர் என்னைத் தடுத்து, பேதுரு எந்தக் காலேஜில் படித்தார் தம்பி என்று கேட்டார். அவர் ஜெபவீரர். அவரை நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். ஆனாலும் அவர் கேட்ட அதே கேள்வியை நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக முன்பே ஒரு சபை முழுவதும் எழும்பி நின்று பெய்னிடம் கேட்டது. அதை அவர் எப்படிச் சந்தித்தார் என்று பார்ப்போம்.

1811 பிப்ரவரி 24-ல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகப் பட்டணத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் லண்டன் பெய்ன், மார்த்தா. இருவரும் கறுப்பினத்தவர், ஆனால் அடிமைகள் அல்ல. தகப்பனார் தனக்கு ஒரு மகன் வேண்டும் என்று அன்னாளைப் போல ஜெபித்தவர். மகன் பிறந்தால் கர்த்தருக்கே கொடுத்துவிடுவேன், தானியேல் தீர்க்கதரிசியின் பெயரை வைப்பேன் என்று பிறக்கும் முன்பே பொருத்தனை பண்ணியிருந்தார். ஆனால் பிள்ளைக்கு நாலு வயதாகும்போதே தகப்பன் போய்விட்டார். ஒன்பது வயதில் தாயும் போனார். பாட்டி முறையான ஒரு அம்மாள் எடுத்து வளர்த்தார்கள்.

அவருக்கு 11 வயதாக இருந்த 1822-ல் அந்தப் பட்டணத்தில் ஒரு பெரிய பயங்கரம் நடந்தது. டென்மார்க் வெசி என்பவர் அடிமைகளைத் திரட்டிக் கலகம் பண்ணத் திட்டம் போட்டார் என்று பிடித்து, அவரையும் சேர்த்து 35 பேரைத் தூக்கில் போட்டார்கள். வெசியும் அவர் கூட்டத்தாரும் போய்வந்த கறுப்பின மெத்தடிஸ்ட் ஆலயத்தையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பைபிள் வாசிக்கத் தெரிந்த கறுப்பர் ஆபத்தானவர் என்ற பயம் அன்றைக்கே வெள்ளைக்கார எஜமான்களுக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது. பின்னால் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிறுவனுக்குச் சில வருஷம் பள்ளிப் படிப்பு கிடைத்தது. அப்புறம் தச்சுப் பட்டறையில் வேலை கற்றுக்கொள்ளப் போட்டார்கள். பகலெல்லாம் உளியும் இழைப்புளியும். ராத்திரி பன்னிரண்டு மணி வரை புஸ்தகம். படுக்கைக்குப் பக்கத்தில் சிக்கிமுக்கிக் கல்லும் மெழுகுவர்த்தியும் வைத்துக்கொண்டு, காலை நாலு மணிக்கு எழுந்து நெருப்பு உண்டாக்கி, ஆறு மணி வரை திரும்பவும் வாசிப்பார். ஸ்காட்லாந்தில் ஜான் பிரவுன் என்ற ஏழைப் பையன் ஆசிரியர் இல்லாமலே கிரேக்கு, லத்தீன், எபிரெயம் கற்று வேத விளக்கம் எழுதிய கதையைப் படித்திருந்தார். அவனால் முடிந்தது என்னால் ஏன் முடியாது என்ற வைராக்கியம் வந்துவிட்டது.

18-வது வயதில் இரட்சிக்கப்பட்டார். சில வாரம் கழித்து நடந்ததுதான் அவர் வாழ்க்கையின் திருப்பம். ஒரு நாள் மத்தியானம் பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவே தன் சின்ன அறையில் தனியாக ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். திடீரென்று ஒரு மனுஷனுடைய இரண்டு கைகள் தன் இரண்டு தோள்களையும் அழுத்துவது போல உணர்ந்தார். உள்ளத்தில் ஒரு சத்தம் பேசியது. நீ படிக்கும்படி உன்னைப் பிரித்தெடுத்தேன், உன் ஜனத்தைப் படிப்பிக்கிறவனாக இருப்பதற்கே என்பது அதன் பொருள்.

பிரியமானவர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நாம் தரிசனத்தை நம்புகிறவர்கள். ஜெபத்தில் ஆண்டவர் பேசுவார் என்று சாட்சி சொல்லுகிறவர்கள். நம்மில் ஒருவருக்கு இப்படித் தோளில் கை வைக்கப்பட்டால் என்ன எதிர்பார்ப்போம்? பிரசங்கத்துக்கு அழைப்பு, சுகமளிக்கும் வரம், மிஷனரியாகப் போகும் பாரம். இந்த வாலிபனுக்கு வந்ததோ இலக்கணப் புஸ்தகத்தைத் திற என்ற அழைப்பு. அவர் அதைப் பரத்திலிருந்து வந்த கட்டளையாகவே எடுத்துக்கொண்டார். சாகும்வரை அதிலிருந்து விலகவே இல்லை.

1829-ல் ஒரு பள்ளி தொடங்கினார். பகலில் மூன்று பிள்ளைகள், இரவில் வயது வந்த மூன்று அடிமைகள். ஆளுக்கு மாதம் 50 சென்ட். ஆக மொத்தம் மாத வருமானம் மூன்று டாலர்! வயிறு நிறையவில்லை. வருஷக் கடைசியில் பள்ளியை மூடிவிட்டு, கடல் கடந்து போகிற ஒரு வெள்ளைக்காரரிடம் வேலைக்குச் சேரப் போனார். அந்த ஆள் வேலைக்குக் கூப்பிடும்போதே பேச்சுவாக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டார். எஜமானுக்கும் அடிமைக்கும் உள்ள வித்தியாசம் அறிவு ஒன்றுதான் என்பது அந்தப் பேச்சு. பெய்ன் அதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் எனக்கு அந்த அறிவுதான் வேண்டும் என்று வேலையை விட்டுவிட்டுத் திரும்பி வந்தார். 1830-ல் மறுபடியும் பள்ளி திறந்தது. பிலேயாமின் கழுதை வாயைத் திறந்தவர் ஒரு அடிமைக்காரனின் வாயை உபயோகிக்க மாட்டாரா!

இந்தத் தடவை பள்ளி வளர்ந்தது. 60 பிள்ளைகள் வரை வந்தார்கள். தான் ராத்திரி படித்ததைப் பகலில் சொல்லிக்கொடுத்தார். பூகோளம், வானசாஸ்திரம், தாவரம், ஜீவஜந்துக்கள் என்று எதையும் விடவில்லை. சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்து, மூன்று வாரம் கண் தெரியாமல் கிடந்திருக்கிறார். அந்த ஆர்வமே ஒரு நாள் வினையாகவும் வந்தது. 1834-ல் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காகப் பாம்பு ஒன்று வாங்கிவரச் சில மாணவர்களை ஒரு தோட்டத்துக்கு அனுப்பினார். அது லயனல் கென்னடி என்ற வக்கீலின் தோட்டம். 1822-ல் வெசி வழக்கை விசாரித்தவர்களில் ஒருவரான அதே கென்னடிதான்! பாம்பு எதற்கு என்று பையன்களை நிறுத்திக் கேள்வி கேட்டார். அந்தக் கறுப்புப் பிள்ளைகள் தாங்கள் படிக்கிற பாடங்களையெல்லாம் வரிசையாகச் சொன்னார்கள். கேட்டவர்களுக்குக் கலக்கம் பிடித்துவிட்டது.

அந்த டிசம்பரிலேயே தென் கரோலினா சட்டசபை ஒரு சட்டம் நிறைவேற்றியது. அடிமைக்கு எழுத்து வாசிக்கக் கற்றுக்கொடுக்கிறவர் வெள்ளையராக இருந்தால் 100 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும். அடிமையல்லாத கறுப்பராக இருந்தால் 50 சாட்டையடி வரையும் 50 டாலர் வரை அபராதமும். கறுப்பர் பள்ளி வைத்து நடத்தவும் கூடாது. 1835 ஏப்ரல் 1 முதல் அமல். அதற்கு முந்தின நாள், மார்ச் 31-ல், பெய்ன் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அப்போது அவருக்கு வயது 24. அந்த நாட்களில் தேவன் இருக்கிறாரா என்றே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இருந்தால், ஒரு ஜாதி இன்னொரு ஜாதியை இப்படி மிதிப்பதை ஏன் பார்த்துக்கொண்டிருக்கிறார்? நான் செய்தது என்ன தப்பு? தூக்கமில்லாமல் புலம்பினார். நம் சாட்சிக் கூட்டங்களில் இப்படிப்பட்ட இரவுகளை யாரும் சொல்லுவதில்லை. சொன்னால் விசுவாசம் குறைந்தவன் என்பார்கள். பெய்ன் தன் வாழ்க்கைப் புஸ்தகத்திலேயே இதை எழுதி வைத்திருக்கிறார். கடைசியில் கர்த்தருக்கு ஆயிரம் வருஷமும் ஒரு நாளும் ஒன்றுதான் என்ற பேதுருவின் நிருப வார்த்தை அவரைப் பிடித்து நிறுத்தியது. மே 9-ம் தேதி கப்பலேறி வடக்கே போனார்.

கெட்டிஸ்பர்க்கில் லுத்தரன் வேதசாஸ்திரப் பள்ளியில் இடம் கிடைத்தது. அங்கே படிக்கும்போதே ஊரில் இருந்த கறுப்புப் பிள்ளைகளைச் சேர்த்து ஓய்வுநாள் பள்ளி நடத்தினார். கண் பலவீனத்தால் படிப்பை முடிக்க முடியவில்லை. 1839-ல் லுத்தரன் சபையில் அபிஷேகம் பண்ணப்பட்டார். பிறகு ஆப்பிரிக்க மெத்தடிஸ்ட் எபிஸ்கோப்பல் சபையில் சேர்ந்தார். வெள்ளையர் ஆலயத்தில் ஜெபித்துக்கொண்டிருந்த கறுப்பரை முழங்காலிலிருந்து பிடித்து எழுப்பிய அவமானத்தால் வெளியேறியவர் ரிச்சர்ட் ஆலன். அவர் தலைமையில் 1816-ல் பிலதெல்பியாவில் உருவான சபை அது.

வாஷிங்டனில் பெய்னைப் போதகராகப் போட்டார்கள். ஆலயத்தில் உட்கார பெஞ்சு இல்லை. சபையாரிடம் பணமும் இல்லை. போதகர் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தச்சு ஆயுதங்களை எடுத்தார். பெஞ்சுகளைத் தானே செய்துபோட்டார். சார்ல்ஸ்டன் பட்டறை வீணாகவில்லை!

ஆனால் அவர் பாரம் பெஞ்சு அல்ல, பிரசங்க பீடம். அந்நாளில் அந்தச் சபைப் போதகர்கள் அநேகர் சரியாக வாசிக்கத் தெரியாதவர்கள். வாசிக்கவிடாமல் சட்டம் போட்டால் வேறு எப்படி இருப்பார்கள்? போதகர்கள் இன்ன இன்ன பாடம் படித்தாக வேண்டும் என்று பெய்ன் சபைப் பத்திரிகையில் தொடர்ந்து கடிதங்கள் எழுதினார். புயல் கிளம்பியது. நம் முற்பிதாக்கள் படித்தா ஊழியம் செய்தார்கள், இவன் மாம்ச ஞானத்தைக் கொண்டுவந்து ஆவியானவரை அவிக்கிறான் என்று கூச்சல். 1844-ல் பிட்ஸ்பர்க் மாநாட்டில் தீர்மானம் வந்தபோது ஒரே அமளி, முதல் நாள் தோற்றுப்போனது. மறுநாள் ஆபிரகாம் லூயிஸ் என்ற மூத்த ஊழியர் எழுந்து, கண்ணீரோடு தீர்மானத்துக்காகப் பேசினார். நேற்று எதிர்த்த அதே கூட்டம் ஏற்றுக்கொண்டது. அதுமுதல் அந்தச் சபையில் ஊழியருக்குப் பாடத்திட்டம் வந்தது.

பவுல் அப்போஸ்தலன் சிறையில் சாவை எதிர்பார்த்திருந்தபோதும் தீமோத்தேயுவிடம் என்ன கேட்டார்? மேலங்கியையும் புஸ்தகங்களையும். மூன்றாம் வானம் வரைக்கும் போய்வந்தவருக்கே புஸ்தகம் தேவைப்பட்டது. நமக்கு வேண்டாமா?

ஆனால் எல்லாவற்றிலும் நான் பெய்ன் பக்கம் இல்லை. அதையும் எழுதாவிட்டால் இது உண்மையான சரித்திரம் ஆகாது. அவருக்குச் சத்தமான ஆராதனை பிடிக்காது. 1850-ல் பால்டிமோரில் ஒரு சபை, இவர் எங்களுக்குப் போதகராக வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டது. ஏன் என்று கேட்டபோது, வீட்டில் நல்ல கம்பளம் விரித்திருக்கிறார், எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறதில்லை, எங்கள் பாட்டுகளைப் பாட விடமாட்டார் என்றார்களாம். கம்பளக் குற்றச்சாட்டு வேடிக்கைதான். பாட்டுக் குற்றச்சாட்டு வேடிக்கை அல்ல. பருத்திக் காட்டிலும் நெல் வயலிலும் வியர்வையோடு பிறந்த பாட்டுகளை அவர் வயற்காட்டுப் பாட்டு என்று தள்ளினார். 

பின்னாளில் ஒரு தோப்புக் கூட்டத்துக்குப் போனார். பிரசங்கம் முடிந்ததும் ஜனங்கள் வட்டமாக நின்று, கைதட்டி, காலால் தரையை மிதித்துப் பாடிக்கொண்டு சுற்றினார்கள். பெய்ன் போதகரைக் கூப்பிட்டு அதை நிறுத்தச் சொன்னார். ஜனங்கள் கலைந்து முகம் வாடிப் போனார்கள். பிறகு கூட்டத்தை நடத்திய வாலிபன் அவரிடம் வந்து, வட்டம் இல்லாவிட்டால் பாவிகள் மனந்திரும்ப மாட்டார்கள், ஆவியானவர் ஒவ்வொரு ஜனத்திடமும் ஒவ்வொரு விதமாகக் கிரியை செய்கிறார் என்று வாதாடினான். பெய்ன் ஒத்துக்கொள்ளவில்லை. வட்டம் சுற்றினால்தான் இரட்சிப்பு என்று சொன்னது அந்த வாலிபனின் பிழை, அதில் பிஷப் சொன்னதே சரி. ஆனால் ஆவியானவர் பல விதமாகக் கிரியை செய்கிறார் என்று அவன் சொன்னானே, அதில் நான் அந்த வாலிபன் பக்கம். தாவீது உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்னால் ஆடியபோது மீகாள் ஜன்னலிலிருந்து பார்த்தாள். பிஷப்பும் அந்தத் தோப்பில் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் நின்றுவிட்டார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1906-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெருவில் எழுப்புதல் தீ இறங்கியபோது அதை நடத்தியவர் வில்லியம் சீமோர், அடிமைகளாயிருந்த பெற்றோரின் மகன். ஹூஸ்டனில் ஒரு வேதாகமப் பள்ளியில் வெள்ளையரோடு உட்கார அவருக்கு அனுமதியில்லை. கதவுக்கு வெளியே உட்கார்ந்து பாடம் கேட்டார். சத்தமாய் ஆராதித்த அந்த மனிதரும் பாடத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை, பாருங்கள்.

பெய்னின் வீட்டுக்குள்ளும் துக்கம் இருந்தது. 1847-ல் ஜூலியா என்ற அம்மாளை மணந்தார். ஒரு வருஷத்துக்குள் பிரசவத்தில் அந்த அம்மாள் இறந்தார்கள். பிறந்த பெண் குழந்தையும் ஒன்பது மாதத்தில் போய்விட்டது. 1852-ல் அவரைப் பிஷப் ஆக்கினார்கள். ஒல்லியான, நோய் பிடித்த சிறு உருவம். 1862 ஏப்ரல் 14-ல் அந்தச் சிறு உருவம் வெள்ளை மாளிகைக்குள் போய் ஜனாதிபதி லிங்கன் முன்னால் உட்கார்ந்தது. வாஷிங்டன் நகரத்து அடிமைகளை விடுவிக்கும் மசோதாவில் கையெழுத்துப் போடுவீர்களா என்று நேராகவே கேட்டார். லிங்கன் பிடிகொடுத்துப் பதில் சொல்லவில்லை. இரண்டே நாளில் கையெழுத்துப் போட்டார். மூவாயிரம் பேர் அளவில் விடுதலையானார்கள்.

இப்போது அந்தச் சாலையோரப் பலகைக்கு வருகிறேன். வில்பர்ஃபோர்ஸ் கல்லூரியை 1856-ல் தொடங்கினது வெள்ளையர் மெத்தடிஸ்ட் சபை. ஊற்றுத் தண்ணீருக்காகப் பணக்காரர்கள் வந்து தங்கிய ஒரு பெரிய ஓட்டலை வாங்கிக் கல்லூரியாக்கினார்கள். ஆரம்பத்தில் படித்தவர்களில் அநேகர் தெற்கத்தித் தோட்ட எஜமான்களுக்கு அடிமைப் பெண்களிடம் பிறந்த பிள்ளைகள். உள்நாட்டு யுத்தம் வந்ததும் அந்தத் தகப்பன்மார் அனுப்பிய பணம் நின்றது. 1862-ல் கல்லூரி மூடப்பட்டது. 

1863 மார்ச் 10-ம் தேதி இரவு. கட்டடம் விலைக்கு வருகிறது, விலை 10,000 டாலர், உடனே பதில் வேண்டும் என்றார்கள். பெய்ன் கையில் பத்து டாலர் நோட்டுகூட இல்லை. சபை மாநாட்டைக் கூட்டி அனுமதி கேட்க நேரமில்லை. கர்த்தருடைய நாமத்தில் வாங்குகிறேன் என்று சொல்லி வாங்கிட்டார்! ஜேம்ஸ் ஷார்ட்டர், ஜான் மிட்செல் என்ற இரண்டு ஊழியர்கள் கூட நின்றார்கள். மூன்று பேரும் ஊர் ஊராகப் போய்ச் சபைகளில் காணிக்கை சேர்த்தார்கள். இப்படி அமெரிக்காவில் கறுப்பின மக்கள் தாங்களே சொந்தமாக நடத்தின முதல் கல்லூரி அது ஆயிற்று. பெய்ன் அதன் தலைவர் ஆனார். அந்த நாட்டில் ஒரு கல்லூரிக்குத் தலைவரான முதல் கறுப்பின மனிதர் அவர்தான்.

இரண்டு வருஷம் போனது. 1865 ஏப்ரல் 14. தெற்கத்தித் தலைநகரான ரிச்மண்ட் விழுந்துவிட்டது, யுத்தம் முடிகிறது என்று கல்லூரியில் பெரும்பாலோர் ஸீனியாவில் கொண்டாட்டத்துக்குப் போயிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து யாரோ கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள். அதே ராத்திரி வாஷிங்டனில் லிங்கனைச் சுட்டார்கள். 

அதற்கு அடுத்த மாதமே பெய்ன் எங்கே போனார் தெரியுமா? சார்ல்ஸ்டனுக்கு! 1835 மே மாதம் பள்ளியை இழந்து கப்பலேறின அதே பட்டணத்தில், சரியாக 30 வருஷம் கழித்து 1865 மே மாதம் பிஷப்பாக இறங்கினார். மே 15-ல் அங்கே தன் சபையின் தென் கரோலினா மாநாட்டை ஸ்தாபித்தார். 1822-ல் இடிக்கப்பட்ட சபையாருக்கு மறுபடியும் ஆலயம் எழும்பியது. அதற்கு வரைபடம் போட்டவர் தூக்கிலிடப்பட்ட வெசியின் மகன் ராபர்ட். எம்மானுவேல் சபை என்பது அதுதான். 2015 ஜூனில் வேத ஆராய்ச்சிக் கூட்டத்தில் 9 பேர் சுட்டுக்கொல்லப்பட்டதும் இந்தச் சபையில்தான்.

திரும்பி வந்து எரிந்துபோன கல்லூரியைக் கட்ட ஆரம்பித்தார். உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி சால்மன் சேஸ் தன் உயிலில் 10,000 டாலர் எழுதி வைத்தார். நாடாளுமன்றம் 25,000 டாலர் கொடுத்தது. மற்றதெல்லாம் ஏழைச் சபைகளின் சில்லறைக் காசு. 1876 வரை தலைவராக இருந்துவிட்டு இறங்கினார். தன் வாழ்க்கைச் சரித்திரத்தை 1888-லும், சபையின் சரித்திரத்தை 1891-லும் அச்சிட்டார். 1893 நவம்பர் 2-ம் தேதி, 82 வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். 1974 ஏப்ரலில் ஸீனியாவைத் தாக்கின சூறாவளி பழைய கல்லூரி வளாகத்தைச் சிதைத்துப் போட்டது. கொஞ்ச தூரத்தில் புது வளாகம் வந்தது. பழைய இடத்தில் 1988-ல் கறுப்பின மக்களின் தேசிய அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள்.

பெய்ன் இறந்த மறுவருஷம், 1894-ல், டூபாய்ஸ் என்ற பெரிய அறிஞர் அங்கே வாலிப ஆசிரியராக வந்து சேர்ந்தார். பெர்லின் வரை போய்ப் படித்தவர். மாணவர் ஜெபக்கூட்டத்தில், இப்போது புரொபசர் டூபாய்ஸ் ஜெபிப்பார் என்று அறிவித்தபோது, மாட்டேன் என்று சொல்லி வேலையை ஏறக்குறைய இழக்கப் பார்த்தார். அந்தக் கல்லூரியில் எழுப்புதல் கூட்டங்கள் தொடங்கினால் வகுப்பெல்லாம் நின்றுபோகுமாம். தன் அறைக்குக் கீழே இருந்த ஜெபமண்டபத்திலிருந்து வந்த அழுகையும் கூப்பாடும் ஆர்ப்பரிப்பும் தன்னை ஒரு வேலையும் செய்யவிடவில்லை என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். பெய்ன் கட்டின கல்லூரியில்தான் அத்தனை சத்தமும்!